வெள்ளை ஈக்களுக்கு ஓர் ஆயுத பூஜை

அக்டோபர் 7

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையோடு டைரியும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மனதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். வேளாண் கல்லூரியில் இருபத்தாறு வருடம் பூச்சியியல் பேராசிரியராக இருந்தவனிடம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறார். சரி, எழுதுகிறேன்.

டீன் இந்த ஆயுத பூஜைக்கு நம் துறைக்கு வருகிறார். ஆறு வருடமாக உழவியல் துறையில் பொரிகடலை வாங்கிப் போனவருக்கு இப்போதுதான் பூச்சிகள் நினைவுக்கு வந்திருக்கின்றன. பிப்ரவரியில் எங்கள் துறைத்தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு நானும் தங்கவேலுவும்தான் மிச்சம். தங்கவேலுவுக்குத் தெரிந்த ஒரே வித்தை, பெரியவர்கள் பேசும்போது சரியான இடத்தில் சிரிப்பது. எனக்கு அது வராது. என்னிடம் இருப்பது இரண்டு அறை நிறைய வெள்ளை ஈ.

முதல் அறையில் தேமல் நோய் பிடித்த மரவள்ளிச் செடிகள். அவற்றின் சாற்றைக் குடிக்கும் ஈக்கள் வைரஸைச் சுமக்கின்றன. அடுத்த அறையில் நோயில்லாத மரவள்ளி, அங்கே சுத்தமான ஈக்கள். இந்தச் சேலம், நாமக்கல் பக்கம் நோயில்லாத மரவள்ளிக் குச்சி தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். என் ஆராய்ச்சி மாணவி பூங்கோதை திசு வளர்ப்பில் ஒரு வருடத்துக்கு மேல் பாடுபட்டு அந்தச் செடிகளை உண்டாக்கினாள். வைரஸ் உடம்புக்குள் வந்ததும் ஈயின் மரபணுக்களில் எது விழிக்கிறது, எது அடங்குகிறது என்று இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் ஆய்வு. தனித்தனியாக மூன்று முறை ஈக்களைச் சேகரிக்க வேண்டும். மூன்று இருந்தால்தான் உலகம் நம்பும். இரண்டு முடிந்து உறைபெட்டியில் இருக்கின்றன. மூன்றாவதை நாளை மறுநாள் எடுப்பதாக இருந்தாள்.

பூஜை முடிந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஈக்களை உறிஞ்சி எடுத்துவிட்டால் அறை மொட்டையாகத் தெரியும். டீன் வரும்போது இலைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று மொய்க்க வேண்டாமா?

"எல்லாம் ரெடியா இருக்குதுங்க சார். நாளன்னைக்கு எடுத்துட்டா வேல முடிஞ்சுருமுங்க," என்றாள்.

"பூஜை வரைக்கும் பொறுத்தா உன் ஈ ஒண்ணும் செத்துப் போயிடாதும்மா," என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். ராசிபுரம் பக்கத்துப் பெண். அப்பா மரவள்ளி விவசாயி. ஒழுங்கான பெண்தான், வளைந்து கொடுக்கத்தான் தெரியாது.

அக்டோபர் 11

பூஜை அமர்க்களமாக முடிந்தது. நுண்ணோக்கிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பி.சி.ஆர். இயந்திரத்துக்குச் சாமந்தி மாலை. டீனுடன் அவர் மனைவியும் வந்திருந்தார், மஞ்சள் பட்டில்.

பூச்சி அறைகளுக்கும் தீபாராதனை காட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். தங்கவேலுவின் முகம் அப்போது பார்க்க வேண்டியதாக இருந்தது. அந்த அறைகளுக்குச் சில விதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கதவு, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். முதலில் சுத்த அறை, அப்புறம்தான் நோய் அறை, மாற்றிப் போகவே கூடாது. எழுதி ஒட்டியது நான்தான். ஆனால் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கதவாகச் சாத்திச் சாத்தித் திறந்துகொண்டிருக்க முடியுமா? புகையும் வெளியே போக வேண்டும். உதவியாளர் மாரப்பனிடம் எல்லாக் கதவையும் திறந்து வைக்கச் சொன்னேன். பூங்கோதை ஏதோ சொல்ல வந்தாள். பார்வையிலேயே நிறுத்தினேன்.

"வலமாத்தான் போகணும்," என்றார் டீன் மனைவி. வலமாகப் போனால் நோய் அறைதான் முதலில் வருகிறது. பூஜையில் போய் அதையெல்லாம் பேச முடியாது.

கற்பூரப் புகைக்கு ஈக்கள் கூட்டமாகக் கிளம்பின. நல்ல காட்சி. நிறைய ஈக்கள் அந்த அம்மாவின் புடவையில் போய் உட்கார்ந்தன. "முத்து வெச்சுத் தச்ச மாதிரி இருக்கு," என்று அவரே ரசித்தார். வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் என்றால் உயிர், அதனால்தான் வயலில் மஞ்சள் அட்டையில் பசை தடவித் தொங்கவிடுகிறோம் என்று டீனுக்கு விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லோரும் அடுத்த அறைக்குப் போனோம்.

கிளம்பும்போது டீன் என் தோளில் கைவைத்து, "உங்க துறை உயிரோட இருக்கு சார்," என்றார்.

அக்டோபர் 12

விடுமுறை. நேற்றுச் சாப்பிட்ட சுண்டல் இன்னும் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 15

மூன்றாவது சேகரிப்பு முடிந்தது. செத்தா போயின ஈக்கள்?

அக்டோபர் 23

முதல் இரண்டு சேகரிப்பின் முடிவுகளைப் பூங்கோதை கொண்டுவந்து காட்டினாள். உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. பொறாமைப்படும் அளவுக்கு.

வைரஸ் உள்ளே நுழைந்ததும் ஈயின் உடம்பு முதலில் எதிர்க்கத்தான் பார்க்கிறது. ஆனால் எதிர்ப்புக்கான மரபணு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் குறைத்துக்கொள்கிறது. அது அடங்கிய பிறகு முட்டை உற்பத்திக்கான மரபணுக்கள் ஓங்குகின்றன.

"அந்த ஒண்ணு அடங்கிப்போனதுக்கப்புறம் ஈ நல்லா கொழுத்து நெறைய முட்டை போடுதுங்க சார். வைரசால ஈக்கு ஒரு கேடும் இல்லீங்க. செடிதான் கெடுது," என்றாள். அந்த மரபணுவை அடங்கவிடாமல் செய்ய ஒரு வழி கிடைத்தால் ஈயால் நோயைப் பரப்ப முடியாமல் போகலாம் என்கிறாள். அவள் அப்பாவின் காட்டில் போன வருடம் பாதிக் கிழங்கு விரல் பருமன்கூட வரவில்லையாம்.

இரவு சாப்பிடும்போது இதையெல்லாம் இந்திராணியிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "எதிர்க்கறத விட்டுட்டா கொழுக்கலாமா? நான் உங்க காலேஜப் பத்திச் சொல்றீங்கன்னு நெனச்சேன்," என்றாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இவள் நாக்கு மழுங்கவே இல்லை.

நவம்பர் 4

தீபாவளி முடிந்து முதல் வேலை நாள். பூங்கோதை ஓர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். சுத்த அறைச் செடியின் கொழுந்து. ஓரம் கோணி, நடுவே வெளிர்மஞ்சள் திட்டு. இரும்புச் சத்துக் குறைவு என்றேன்.

"எனக்குத் தேமல் தெரியாதுங்களா சார். பொறந்ததுலருந்து பாக்கறனுங்க," என்றாள்.

சோதித்துப் பார்க்கச் சொன்னேன். 

நவம்பர் 7

சுத்த அறையில் எல்லா வரிசையிலும் வைரஸ். மூன்றாவது சேகரிப்பின் சுத்த ஈக்களிலும் வைரஸ். நோயுள்ள ஈயையும் நோயுள்ள ஈயையும் ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் இந்திராணி தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றாள். அதை வைத்துக்கொண்டு அவளிடம் கத்திவிட்டேன்.

நவம்பர் 8

விசாரித்தேன். கதவைத் திறந்தது மாரப்பன். அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் வயதாகிவிட்டது, ஞாபகம் சரியில்லை, யாரோ சொல்லித்தான் திறந்தேன் என்று ஏதேதோ உளறுகிறான். அவன் ஒப்பந்தக் கூலி. சோதனைக்கூடத்துக்கு அவன் சரிப்படமாட்டான் என்று பண்ணைக்கு மாற்றிவிட்டேன். வெயில்தான், ஆனால் திறந்தவெளி, காற்று நன்றாக வரும்.



நவம்பர் 19

மோட்டாருக்குக் காயில் போய்விட்டதாம். மாற்றியாயிற்று.

நவம்பர் 27

இந்தப் பெண்ணைக் கரையேற்ற வழி இருக்கிறது. இரண்டாவது சேகரிப்பில் பாதி இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது. அதற்கு மூன்று என்று பெயர் வைத்தால் மூன்று. யார் போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணப்போகிறார்கள்? மார்ச்சில் அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது, உதவித்தொகையும் அதோடு நின்றுவிடும். அதற்குள் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிடலாம். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துப் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"அது பொய்யுங்களே சார்," என்றாள்.

என் அறையில், என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"மறுபடியும் செடி உண்டாக்கிக்கறனுங்க சார். ஒரு வருசம் நீட்டிப்பு மட்டும் வாங்கிக் குடுங்க. செடி என்னோட பொறுப்புங்க."

நீட்டிப்புக் குழுவுக்குத் தலைவர் டீன். ஏன் வேண்டும் என்று கேட்பார். என்ன சொல்வது?

டிசம்பர் 14

கடைவாய்ப் பல் வலி. வேர்வரை போய்விட்டது என்கிறார் பல் டாக்டர். புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல டீன் வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்கிப் போவது என்று இந்திராணியிடம் கேட்டேன். "மஞ்சள் பட்டு ஒண்ணு வாங்கிக் குடுங்க," என்றாள். பூஜையில் நடந்ததை அவளிடம் நான் சொன்னதே இல்லை. கல்லூரிக் குடியிருப்பில் சுவர்கள்கூடப் பேசும் போலிருக்கிறது.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். வளாகமே காலி. காலை நடையில் சோதனைக்கூடம் பக்கம் போனேன். பூங்கோதை ஊருக்குப் போகவில்லை. சுத்த அறைச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அழித்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்க முடியும், அது முறைதான். மாரப்பனும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். பண்ணையிலிருந்து இவனை யார் வரச் சொன்னது?

அவள் அழுதுகொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. நான் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேறு வழியாக வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5

நீட்டிப்புக் குழு பத்தொன்பதாம் தேதி கூடுகிறது. பூங்கோதை வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க சார். பூஜையன்னைக்குக் கதவு தெறந்திருந்துச்சு, அதனால ஈ கலந்துருச்சுன்னு மட்டும். யாரு தெறக்கச் சொன்னாங்கன்னு வேண்டாமுங்க. நானும் சொல்லமாட்டனுங்க."

"பார்க்கலாம்மா," என்றேன்.

"பாக்கலாம்னா எப்படிங்க சார். நீட்டிப்பு இல்லீன்னா நாலு வருசமும் போச்சுங்க."

இவளுக்குப் புரியவில்லை. பூஜை என்று வாயைத் திறந்தால் அதில் டீன் வருவார், டீன் மனைவி வருவார், அந்தப் புடவையும் வரும். தலைவர் பதவிக்கான கோப்பு அதே டீன் மேசையில் இருக்கிறது. மாதக் கடைசிவரை பொறுக்க முடியாதா? நாற்காலி வந்த பிறகு ஒரு மாணவிக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சொல் வைத்திருப்பாள்.

பிப்ரவரி 18

தூக்கம் வரவில்லை. நாளை சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஒரு வரிதானே.

பிப்ரவரி 19

கூட்டம் முடிந்தது.

பிப்ரவரி 20

டாக்டர் சொன்னதற்காக எழுதுகிறேன்.

சுத்தக் கூட்டத்தில் நோய் எப்படி வந்தது என்று டீன் கேட்டார். பூங்கோதை எழுந்து, "ஆயுத பூஜையன்னைக்கு கதவெல்லாம்" என்று ஆரம்பித்தாள். டீன் முடிக்க விடவில்லை. "சாமி கும்பிட்டா வைரஸ் வருமாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கவேலு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். வராது என்று நினைத்துக்கொண்டிருந்தது, நன்றாகவே வந்தது.

"நெறியாளர் நீங்க. நீங்க சொல்லுங்க சார்," என்று டீன் என் பக்கம் திரும்பினார்.

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்த முகம்.

"பூச்சி வளர்ப்பறையைப் பராமரிக்கிறது மாணவியோட பொறுப்புதான் சார்," என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? எந்த விதிமுறையை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். அவள் ஒரு வரி மறுத்துப் பேசியிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு நீட்டிப்புத் தருவதில்லை என்று முடிவாயிற்று.

மார்ச் 3

துறைத்தலைவர் ஆணை வந்துவிட்டது. தங்கவேலுதான் முதலில் கை குலுக்கினார். அவர் பாணியில் சிரித்துக்கொண்டே. மாலையில் இந்திராணியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு?" என்றாள். நான் இனிப்பு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன். அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மார்ச் 6

பூங்கோதையின் இரண்டு சேகரிப்பும் வீணாகக் கூடாது. ஜூலையில் புது மாணவன் வருகிறான். மூன்றாவதை அவன் செய்யட்டும். அந்த மரபணு நல்ல மரபணு, நல்ல சஞ்சிகைக்கே போகும். அவளுக்குக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லலாம். அது நியாயம்தான்.

மார்ச் 11

மத்தியானம் புது அறையில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி சுழலும், ஆனால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பூங்கோதை உள்ளே வந்தாள். பின்னால் ஓர் ஆள், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"கும்புடறனுங்க. பூங்கோதையோட அப்பனுங்க. ஆஸ்டல்லருந்து சாமானெல்லாம் எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. புள்ள எல்லாத்தையும் சொல்லுச்சுங்க."

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. கதவைச் சாத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன். வெளியே கிளார்க்குகள் இருந்தார்கள். மனிதருக்குப் பெரிய கை. மண்வெட்டி பிடித்த கை.

அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கதவச் சரியாச் சாத்தாம வுட்டுருச்சுங்களாமா. எல்லாமே எந் தப்புத்தானுங்கப்பானு அதுவே சொல்லி அழுதுச்சுங்க. எங்க வூட்டுல இதுக்கு முன்ன யாரும் இவ்வளவு படிச்சதில்லீங்க, பக்குவம் பத்தலீங்க. இத்தன வருசம் நீங்க பட்ட பாட்டைப் புள்ள வீணாக்கிப்போடுச்சு. காட்டுல கெழங்கு போனா எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்கும் அப்படித்தானுங்களே இருக்கும். மனசுல வெச்சுக்காம மன்னிச்சுருங்க."

நான் பூங்கோதையைப் பார்த்தேன். அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் டீயைக் குடித்துக்கொண்டே பொய் என்று சொன்னவள், அப்பாவிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மனிதர் என்ன செய்திருப்பாரோ, அதற்குப் பயந்து சொன்னாளா, அவர் மனம் தாங்காது என்று சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிடம் அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன்.

"பரவாயில்லைங்க. சின்னப் பொண்ணுதானே," என்றேன்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, என் காலைத் தொடக் குனிந்தார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. அதற்குள் பூங்கோதை ஓடிவந்து அவர் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்திவிட்டாள்.

"அது மட்டும் வேண்டாங்கப்பா," என்றாள்.